களைப்புக்கு எதிர்ச்சொல் எது?

களைப்பு என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்டால் பத்துப் பேர் பத்து விடை சொல்வார்கள். சுறுசுறுப்பு என்பார் ஒருவர். உற்சாகம் என்பார் இன்னொருவர். தெம்பு, ஊக்கம், புத்துணர்ச்சி, ஓய்வு என்று விடைகள் நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு விடையிலும் ஓரளவு நியாயம் இருப்பதால், இவை எல்லாமே ஏறத்தாழ ஒரே பொருளைத் தருகின்றன என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ‘முன்பு போல் சுறுசுறுப்பாக இல்லை’ என்று ஒருவர் சொல்லும்போது, அவர் உடலின் வலு குறைந்ததைச் சொல்கிறாரா, தூக்கம் போதவில்லை என்கிறாரா, மனம் எதிலும் ஒட்டவில்லை என்கிறாரா என்பது கேட்பவருக்குத் தெரிவதில்லை. பல நேரங்களில் சொல்பவருக்கே தெரிவதில்லை.

இந்தச் சொற்கள் ஒன்றுக்கொன்று நெருங்கியவைதாம். ஆனால் ஒவ்வொன்றும் களைப்பின் வேறொரு பக்கத்தை எதிர்த்து நிற்கிறது. அதைப் புரிந்துகொள்வதற்கு, முதலில் எதிர்ச்சொல் என்பது எப்படி உருவாகிறது என்பதையும், பிறகு களைப்பு என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்லும் நிலைக்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

## எதிராக நிற்பது எந்த வகையில்?

அண்ணன் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அதற்கு எதிர்ச்சொல் தம்பியா, அக்காவா? இரண்டும் சரியே. வயதை அடிப்படையாக வைத்தால் அண்ணனுக்கு எதிர் தம்பி. பாலை அடிப்படையாக வைத்தால் அண்ணனுக்கு எதிர் அக்கா. ஆனால் தங்கையை யாரும் அண்ணனுக்கு எதிர்ச்சொல்லாகச் சொல்ல மாட்டார்கள். இத்தனைக்கும் தங்கை வயதிலும் வேறுபடுகிறாள், பாலிலும் வேறுபடுகிறாள்; வேறுபாடு கூடக்கூட எதிர்மை வலுக்கும் என்றால், அவளே அண்ணனுக்கு மிகச் சரியான எதிராக இருந்திருக்க வேண்டும்.

எதிர்ச்சொல்லின் இயல்பு இந்த எடுத்துக்காட்டில் தெளிவாகத் தெரிகிறது. இரண்டு சொற்கள் எதிர்ச்சொற்களாக இருப்பதற்கு அவை பெரும்பாலும் ஒத்திருக்க வேண்டும்; ஒரே ஒரு கூறில் மட்டும் எதிரெதிராக நிற்க வேண்டும். ஒரு சொல்லின் பொருளுக்குள் அடங்கியிருக்கும் வயது, பால், அளவு போன்ற ஒவ்வொரு அடிப்படைப் பகுதியையும் பொருட்கூறு என்று சொல்லலாம். எந்தப் பொருட்கூறைத் திருப்புகிறோம் என்பதைப் பொறுத்து எதிர்ச்சொல் மாறும். ஆகவே, பல பொருட்கூறுகளைக் கொண்ட ஒரு சொல்லுக்குப் பல எதிர்ச்சொற்கள் இருப்பது மொழியின் குறையாகாது. களைப்பு அப்படிப்பட்ட ஒரு சொல்.

## ‘களைப்பு இல்லை’ என்றால் தெம்பு என்று பொருளா?

எதிர்ச்சொற்கள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலே எதிர்மையை நான்கு வகையாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். இரட்டிப்பும் பாதியும் போல ஒன்றையொன்று சார்ந்து நிற்பவை, நன்மையும் தீமையும் போல எதிரெதிர் முனைகளில் நிற்பவை, பார்வையும் பார்வையின்மையும் போல ஒன்று இருப்பதும் அது இல்லாமற்போவதும், உண்டு என்பதும் இல்லை என்பதும் போன்ற உடன்பாடும் மறுப்பும் என்பவை அந்த நான்கு. நமக்கு இங்கே முக்கியமானது, முனைகளாக நிற்பவற்றுக்கும் வெறும் மறுப்புக்கும் உள்ள வேறுபாடு.

ஓர் எண் ஒற்றை எண்ணாக இல்லாவிட்டால் அது இரட்டை எண்ணாகத்தான் இருக்க வேண்டும். நடுவில் வேறு இடமே இல்லை. இப்படி ஒன்றை மறுத்தாலே மற்றொன்று உறுதியாகிவிடும் சொற்களை இருநிலை எதிர்ச்சொற்கள் என்பர். உயரமும் குள்ளமும் அப்படியல்ல. ஒருவர் உயரமாக இல்லை என்பதனால் அவர் குள்ளமாகிவிட மாட்டார். நடுத்தர உயரத்தினர்தாம் மிகுதி. இப்படி இடையில் பல படிகள் இருக்க, இரு முனைகளில் நிற்கும் சொற்களைப் படிநிலை எதிர்ச்சொற்கள் என்பர். மொழியியலாளர் எட்வர்ட் சப்பீர் எழுதி, அவருடைய மறைவுக்குப் பின் 1944ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை ஒன்று, இத்தகைய சொற்களின் அடியில் எப்போதும் ஓர் ஒப்பீடு மறைந்திருக்கிறது என்பதை விளக்கியது. உயரம் என்று சொல்லும்போதே, எதையோ விட உயரம் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது.

களைப்பு படிநிலைச் சொல் என்பதைச் சோதிப்பது எளிது. ‘கொஞ்சம் களைப்பு’, ‘மிகுந்த களைப்பு’, ‘நேற்றைவிட இன்று களைப்பு’ என்று இயல்பாகச் சொல்ல முடிகிறது. ‘களைப்பாகவும் இல்லை, பெரிய தெம்பாகவும் இல்லை’ என்ற வாக்கியத்திலும் எந்த முரணும் இல்லை. அப்படியானால் ‘களைப்பு இல்லை’ என்பது, அந்த முனையில் தாம் இல்லை என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. எதிர் முனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொல்லவில்லை.

இந்த நுட்பம் தமிழுக்குப் புதியதன்று. திருக்குறளின் 60ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை. அதை அடுத்த 61ஆம் அதிகாரம் மடியின்மை. மடி என்றால் சோம்பல். சோம்பல் இல்லாதிருப்பதும் ஊக்கம் உள்ளதும் ஒன்றே என்றால், இரண்டையும் ஓர் அதிகாரத்திலேயே முடித்திருக்கலாம். ஒன்றை ‘உடைமை’ என்றும் மற்றொன்றை ‘இன்மை’ என்றும் தலைப்பிட்டு, பத்துப் பத்துக் குறள்களாகப் பிரித்துப் பாடியிருப்பதைப் பார்க்கும்போது, ஒரு தீமை இல்லாமற்போவதும் ஒரு நன்மை வந்து சேர்வதும் வெவ்வேறு என்ற தெளிவு அங்கே இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

இதுவரை பார்த்தவை இரண்டு. எதிர்ச்சொல் என்பது ஏதேனும் ஒரு பொருட்கூறில் மட்டும் எதிராக நிற்பது. களைப்பு படிநிலைச் சொல்லாகையால், அதை மறுப்பது வேறு, அதன் எதிர் முனையைச் சொல்வது வேறு.

## சுறுசுறுப்பு ஏன் முழுப் பொருத்தம் இல்லை

பள்ளிக்காலம் முதல் நம் நினைவில் பதிந்திருக்கும் விடை சுறுசுறுப்பு. அது சரியான எதிர்ச்சொல்தானா என்று பார்ப்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. இரண்டு சொற்களையும் ‘இருந்தாலும்’ என்ற சொல்லால் இணைத்து ஒரே ஆளைப் பற்றி ஒரே நேரத்தில் சொல்லிப் பார்க்க வேண்டும்.

‘மிகவும் களைப்பாக இருந்தாலும் அவர் சுறுசுறுப்பாக வேலையை முடித்தார்.’ இந்த வாக்கியத்தில் எந்த இடறலும் இல்லை. களைத்திருக்கும் ஒருவர் சுறுசுறுப்பாக இயங்குவது நடக்கக்கூடியதே. ‘மிகவும் களைப்பாக இருந்தாலும் அவர் தெம்பாக இருந்தார்’ என்று சொல்லிப் பாருங்கள். படித்தவுடனே ஏதோ இடிக்கிறது. உடல் களைப்பு, மனம் தெம்பு என்று நாமாகவே பிரித்துப் பொருள்கொண்டால் மட்டுமே அந்த வாக்கியம் நிற்கும். ஒரே தளத்தில் எதிரெதிராக நிற்கும் சொற்கள் ஒரே நேரத்தில் ஒரே ஆளுக்குப் பொருந்த மறுக்கும். வெவ்வேறு தளத்தைச் சேர்ந்த சொற்கள் சேர்ந்து வாழும். களைப்பும் சுறுசுறுப்பும் சேர்ந்து வாழ்கின்றன. எனவே அவை ஒரே தளத்தின் இரு முனைகள் ஆகமாட்டா.

அப்படியானால் சுறுசுறுப்பின் உண்மையான எதிர் எது? ‘சோம்பலாக இருந்தாலும் சுறுசுறுப்பாக இருந்தார்’ என்பது நிற்காத வாக்கியம். ஆகவே அதன் எதிர் சோம்பல். மந்தம் என்றும் சொல்லலாம். சுறுசுறுப்பு ஒருவர் இயங்கும் வேகத்தையும் விருப்பத்தையும் காட்டுகிறது. களைப்போ அவரிடம் எஞ்சியிருக்கும் ஆற்றலைக் காட்டுகிறது. நன்றாக உண்டு உறங்கி எழுந்த ஒருவர், களைப்பே இல்லாதபோதும் சோம்பி உட்கார்ந்திருக்கலாம். களைத்துப்போன ஒருவரைச் சோம்பேறி என்று ஏசுவது எத்தனை பெரிய அநியாயம் என்பதும் இந்த வேறுபாட்டிலிருந்தே விளங்கும். பிள்ளைகளிடமும் முதியவர்களிடமும் நாம் இந்தத் தவற்றை அடிக்கடி செய்கிறோம்.

இதே சோதனையை உற்சாகத்துக்கும் வைத்துப் பார்க்கலாம். ‘களைப்பாக இருந்தாலும் உற்சாகமாகப் பேசினார்’ என்பது இயல்பான வாக்கியம். உற்சாகம் மனத்தின் தளத்தைச் சேர்ந்தது. உடற்களைப்போடு அது ஒத்துப்போகும்.

## களைப்பின் பல பெயர்கள்

தமிழில் இந்த நிலைக்கு ஒரு சொல் மட்டுமா இருக்கிறது? களைப்பு, இளைப்பு, அசதி, அயர்வு, சோர்வு, தளர்ச்சி, அலுப்பு, சலிப்பு, வாட்டம் என்று பல இருக்கின்றன. இவற்றை அடுக்கிச் சொல்வதோடு நிறுத்திவிடாமல், ஒவ்வொன்றும் எந்த இடத்தில் வருகிறது என்று கவனித்தால் எதிர்ச்சொற்கள் தாமாகவே வெளிப்படும்.

ஓடி வந்து மூச்சு வாங்க நிற்பவருக்கு இளைப்பு. அது விரைவில் வரும், விரைவில் அடங்கும். நாள் முழுதும் உடலுழைப்பில் ஈடுபட்டவருக்குக் களைப்பு அல்லது அசதி. கை கால் கனக்கும், உட்காரத் தோன்றும். நோயிலோ முதுமையிலோ உடலின் பிடிப்பு குறைந்து வருவது தளர்ச்சி; அது ஒரு நாளில் வந்து ஒரு நாளில் போவதன்று. இந்த மூன்றும் உடலின் ஆற்றலைப் பற்றியவை. இவற்றுக்கு எதிராக நிற்பவை தெம்பு, வலு, திராணி ஆகியவை. இவற்றிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. திராணி பெரும்பாலும் இல்லாமையைச் சொல்லவே வருகிறது: ‘எழுந்து நிற்கத் திராணி இல்லை’, ‘பேசக்கூடத் திராணி இருக்கிறதா?’ என்று மறுப்பிலும் கேள்வியிலும் அதைக் கேட்கிறோமே தவிர, ‘இன்று எனக்கு நல்ல திராணி’ என்று யாரும் சொல்வதில்லை. தெம்புக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ‘இன்று கொஞ்சம் தெம்பாக இருக்கிறது’ என்று நோயிலிருந்து எழுந்தவர் சொல்வது நாம் அன்றாடம் கேட்கும் பேச்சு. ஒரு சொல்லை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், உடற்களைப்புக்கு நேர் எதிராகத் தெம்பையே நான் சொல்வேன்.

அயர்வு வேறு திசையில் நிற்கிறது. கண் சொருகுவதும், கேட்டது மனத்தில் தங்காமல் நழுவுவதும், ‘ஒரு கணம் அயர்ந்துவிட்டேன்’ என்று சொல்வதும் இந்தச் சொல்லைச் சுற்றியே வருகின்றன. இதற்கு எதிர் விழிப்பு, அதோடு தெளிவு. உறங்கி எழுந்தவரின் முகத்தைப் பார்த்து ‘தெளிச்சியாக இருக்கிறது’ என்கிறோமே, அந்தத் தெளிச்சி வலுவைக் காட்டும் சொல்லன்று. கலக்கம் நீங்கியதைக் காட்டும் சொல்.

அலுப்பும் சலிப்பும் மனம் ஒரு செயலிலிருந்து விலகுவதைச் சொல்கின்றன. உடம்பு அலுப்பு என்று உடலுக்கும் அலுப்பைச் சொல்வதுண்டு. ஆனால் சலிப்பு மனத்துக்கே உரியது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்பவருக்கு உடலில் களைப்பே இல்லாவிட்டாலும் சலிப்பு வரும். அதற்கு எதிர் ஆர்வமும் ஈடுபாடும். சலித்துப்போனவருக்கு ஓய்வு கொடுத்தால், ஓய்விலும் அவர் சலித்துக்கொள்வார். அவருக்கு வேண்டியது மனம் ஒட்டக்கூடிய வேறு ஒன்று.

சோர்வு இவற்றுள் மிகவும் பரந்த சொல். உடல் சோர்வு, மனச்சோர்வு என்று இரு பக்கமும் அது செல்லும். அதனால்தான் அதற்கு எதிர்ச்சொல் கேட்கும்போது விடைகள் சிதறுகின்றன. மனச்சோர்வுக்கு எதிராக உற்சாகம், ஊக்கம், மலர்ச்சி என்பவை நிற்கின்றன. இவற்றுள்ளும் உற்சாகம் அந்த நேரத்து மனநிலை. ஊக்கம் ஒரு குறிக்கோளை நோக்கித் தள்ளும் விசை. குறிக்கோள் எதுவும் இல்லாமலே உற்சாகமாக இருக்கலாம். எதை நோக்கி என்று சொல்லாமல் ஊக்கத்தைப் பற்றிப் பேசுவது கடினம்.

சுருங்கச் சொன்னால், ஆற்றல் குறைந்தால் அதற்கு எதிர் தெம்பு. விழிப்பு குறைந்தால் தெளிச்சி. ஈடுபாடு குறைந்தால் ஆர்வம். மனம் தாழ்ந்தால் உற்சாகமும் ஊக்கமும்.

## உடலுக்குள் என்ன நடக்கிறது

இந்தப் பிரிவினை சொற்களில் மட்டும் இருப்பதன்று. உடலின் இயக்கத்திலும் இருக்கிறது. நாம் விழித்திருக்கும் நேரம் நீள நீள, மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது நரம்புச் செல்களில் தனக்குரிய இடங்களில் ஒட்டி, அவற்றின் விறுவிறுப்பைக் குறைத்து, உறங்கத் தூண்டுகிறது. உறங்கும்போது அதன் அளவு மீண்டும் குறைகிறது. காபியிலும் தேநீரிலும் உள்ள காஃபின், அடினோசின் ஒட்ட வேண்டிய இடங்களைத் தான் பிடித்துக்கொள்வதால், தூக்கம் வருவது மட்டுப்படுகிறது. சேர்ந்திருக்கும் அடினோசினை அது அகற்றிவிடுவதில்லை. அதனால் காபி குடித்தவருக்கு விழிப்பு கிடைக்கிறது. இழந்த ஆற்றல் திரும்பக் கிடைப்பதில்லை. விழிப்பும் தெம்பும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

விழிப்பும்கூட அடினோசினை மட்டும் சார்ந்ததன்று. சூரிச் நகரில் ஆய்வு செய்த அலெக்சாண்டர் போர்பேலி 1982ஆம் ஆண்டில் முன்வைத்த விளக்கத்தின்படி, நம் தூக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன. விழித்திருக்கும் நேரத்தோடு வளரும் தூக்க அழுத்தம் ஒன்று. ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் ஏறி இறங்கும் உடற்கடிகாரம் மற்றொன்று. இரவு முழுதும் கண் விழித்தவர், விடியற்காலையில் தாங்க முடியாமல் தள்ளாடிவிட்டு, காலை ஏறியதும் சற்றே தெளிந்தாற்போல் உணர்வதுண்டு. தூக்க அழுத்தம் சிறிதும் குறையாத நிலையிலேயே, உடற்கடிகாரம் ஏறுமுகத்தில் இருப்பதால் அந்தத் தெளிவு வருகிறது. அதை நம்பி வண்டி ஓட்டுவது ஆபத்து.

உடலுழைப்பால் வரும் களைப்பின் கணக்கு வேறு. தசைகளும் கல்லீரலும் மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைத்திருக்கின்றன. நீண்ட நேரக் கடும் உழைப்பில் அந்தச் சேமிப்பு கரைகிறது. பிறகு உணவு கொண்டு அதை முழுதாக நிரப்புவதற்கு ஒரு நாள் வரை ஆகலாம். ‘உடம்பில் தெம்பே தீர்ந்துபோய்விட்டது’ என்று சொல்வது வெறும் உவமை ஆகாது. உண்மையிலேயே ஒன்று தீர்ந்திருக்கிறது, அது நிறைய வேண்டியிருக்கிறது.

## ஓய்வும் புத்துணர்ச்சியும் இருக்கும் இடம்

களைப்புக்கு எதிர் ஓய்வு என்பது பரவலான இன்னொரு விடை. ஓய்வு ஒரு செயல், அல்லது செயலை நிறுத்துவது. களைப்பு ஒரு நிலை. ஒரு நிலைக்கு எதிராக இன்னொரு நிலைதான் நிற்க முடியும். ஓய்வின் உண்மையான எதிர் உழைப்பு. களைப்புக்கு ஓய்வு மருந்து. நோய்க்கு மருந்து எதிர்ச்சொல் ஆகாதது போலவே, களைப்புக்கு ஓய்வும் எதிர்ச்சொல் ஆகாது.

இந்தச் சொல்லின் வேரைப் பார்த்தால் ஒன்று புலப்படும். ‘அவர் ஓய்ந்துபோனார்’ என்றால் வலுவெல்லாம் இழந்து அடங்கிவிட்டார் என்று பொருள். ‘அவர் ஓய்வெடுத்தார்’ என்றால் வலுவைத் திரும்பப் பெற வழிசெய்தார் என்று பொருள். இரண்டும் ஓய் என்ற ஒரே வினையிலிருந்து பிறந்தவை. ஓய்தல் என்பது நிற்றல், அடங்குதல். நிற்க நேர்ந்தது ஏன் என்பதைப் பொறுத்து, அது களைப்பின் உச்சமாகவும் ஆகலாம், களைப்பிலிருந்து மீளும் வழியாகவும் ஆகலாம். இரு பக்கமும் பாயும் இந்தச் சொல்லை ஒரு முனையில் நிறுத்தி எதிர்ச்சொல்லாக்குவது பொருந்தாது.

செயல்களுக்குள் எதிர்மை வேறு விதமாக அமைகிறது. கட்டுதலும் அவிழ்த்தலும், ஏறுதலும் இறங்குதலும் போல, ஒரு செயல் கொண்டுசென்ற இடத்திலிருந்து பழைய இடத்துக்கே திருப்பிக் கொண்டுவரும் செயலை மீட்பு எதிர்ச்சொல் எனலாம். களைத்தல் என்ற வினைக்கு இத்தகைய எதிர், களைப்பாறுதல். அதன் உடன்பிறப்பு இளைப்பாறுதல். ஆறுதல் என்றால் தணிதல். எனவே களைப்பாறியவர் களைப்பு தணிந்த இடத்துக்கு வந்திருக்கிறார். அதற்கு மேல் எதுவும் சொல்லப்படவில்லை.

புத்துணர்ச்சி அதற்கு ஒரு படி மேலே செல்கிறது. புதிய உணர்ச்சி என்னும் அமைப்பிலேயே, முன்பு ஒன்று மங்கியிருந்தது என்ற குறிப்பு அடங்கியிருக்கிறது. களைத்து, பிறகு மீண்டவருக்கே புத்துணர்ச்சி பொருந்தும். களைப்பு என்பதே அறியாமல் துள்ளிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பார்த்து ‘புத்துணர்ச்சியோடு இருக்கிறது’ என்று சொன்னால் காதில் ஒட்டாது. தெம்பு, துள்ளல், துடிப்பு என்ற சொற்களே அங்கே பொருந்தும். ஒரு சொல் இப்படித் தனக்கு முன் நடந்ததைக் குறிப்பாகச் சுமந்து வருமானால், அதைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த முன்கதை உண்மைதானா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

## இரண்டு அளவுகோல்கள்

உளவியல் அறிஞர்களும் இதே கேள்வியை வேறு வழியில் எதிர்கொண்டார்கள். மனநிலையை அளப்பதற்காக அமெரிக்காவில் 1971ஆம் ஆண்டில் வெளியான புகழ்பெற்ற வினாப்படிவம் ஒன்று, மனநிலையை ஆறு அளவுகளாகப் பிரிக்கிறது. அவற்றுள் களைப்பு ஓர் அளவு. துடிப்பு தனியாக இன்னோர் அளவு. ஒன்றை அளந்து அதைத் தலைகீழாக்கினால் மற்றொன்று கிடைத்துவிடும் என்று அதை அமைத்தவர்கள் கருதவில்லை. களைப்பு குறைந்தவரிடம் துடிப்பு மிகுந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது, முன்பு பார்த்த ‘களைப்பும் இல்லை, தெம்பும் இல்லை’ என்ற வாக்கியத்தின் மறுவடிவமே.

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் தேயர் இன்னும் ஒரு தெளிவைத் தந்தார். தெம்பிலிருந்து களைப்பு வரை செல்லும் கோடு ஒன்று; பதற்றத்திலிருந்து அமைதி வரை செல்லும் கோடு மற்றொன்று என்று அவர் பிரித்தார். இரண்டையும் கலந்தால் நான்கு நிலைகள் பிறக்கின்றன. அமைதியான தெம்பு உண்டு. பதற்றம் கலந்த தெம்பு உண்டு. அமைதியான களைப்பு உண்டு. பதற்றம் கலந்த களைப்பும் உண்டு. படுத்தும் தூக்கம் வராமல் புரளுகிறவர் நான்காவது நிலையில் இருக்கிறார். பரபரப்பாக இருப்பதையே தெம்பு என்று எண்ணிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. பரபரப்பின் எதிர் அமைதி. களைப்புக்கும் அதற்கும் நேரடிப் பகை இல்லை. களைத்துப்போனவர்தாம் பெரும்பாலும் பரபரத்துக்கொண்டிருக்கிறார்.

வேலையிடத்திலும் இது பொருந்தும். உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, பணிச்சோர்வை ஒரு நோயாகக் கொள்ளாமல் பணி சார்ந்த ஒரு நிகழ்வாக விளக்கி, அதற்கு மூன்று கூறுகளைச் சொல்கிறது: ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல் அல்லது அதன் மீது கசப்பு, செயல்திறன் குறைதல். நெதர்லாந்தைச் சேர்ந்த வில்மார் ஷாஃபெலியும் அவருடைய குழுவினரும் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பணி ஈடுபாட்டைத் துடிப்பு, அர்ப்பணிப்பு, ஒன்றிப்போதல் என்று பிரித்தார்கள். வற்றிப்போதலுக்கு எதிராகத் துடிப்பும், கசப்புக்கு எதிராக அர்ப்பணிப்பும் நிற்கின்றன. ஒன்றிப்போதலை மட்டும் எதற்கும் நேர் எதிராக அவர்கள் நிறுத்தவில்லை. இந்த நேர்மையை நான் மதிக்கிறேன்; எல்லாவற்றுக்கும் ஓர் எதிர் கண்டுபிடித்து ஜோடி சேர்க்கும் ஆசைக்கு அவர்கள் இடம் கொடுக்கவில்லை.

## அயராதவர், சளைக்காதவர்

தமிழில் களைப்பை எதிர்க்கும் சொற்களில் இன்னொரு குடும்பமும் இருக்கிறது: அயராத, சளைக்காத, ஓயாத, சோர்வறியாத. இவை அனைத்தும் மறுப்பு வடிவங்கள். ஆனால் ‘களைப்பு இல்லை’ என்பது போல இந்தக் கணத்தைப் பற்றி இவை பேசுவதில்லை. ‘அயராத உழைப்பாளி’ என்றால், நீண்ட காலமாக அவர் களைப்புக்கு இடம் கொடுக்காதவர் என்று பொருள். இன்று காலை அவர் காய்ச்சலில் துவண்டு கிடந்தாலும் அவரை அயராத உழைப்பாளி என்று சொல்வதில் தவறில்லை.

ஒருவருடைய நிலையும் இயல்பும் வேறுபடுவதைத் தமிழ் நன்றாகவே காட்டுகிறது. ‘சுறுசுறுப்பானவர்’ என்றால் இயல்பு. ‘இன்று சுறுசுறுப்பாக இருக்கிறார்’ என்றால் நிலை. எதிர்ச்சொல் தேடும்போது நிலைக்கு நிலையையும் இயல்புக்கு இயல்பையும் நிறுத்த வேண்டும். களைப்பு ஒரு நிலை. அயராமை ஓர் இயல்பு. இரண்டையும் கலந்துவிட்டால், களைத்துப்போனேன் என்று ஒரு நாள் சொன்னவரை உழைக்கத் தெரியாதவர் என்று முத்திரை குத்தும் தவறு நேர்கிறது.

## மருத்துவர் கேட்கும்போது

இந்தச் சொற்கள் மிகவும் முக்கியமாகும் இடம் மருத்துவரின் அறை. ‘களைப்பாக இருக்கிறது’ என்று வருபவரிடம் மருத்துவர் தெரிந்துகொள்ள விரும்புவது, இது தசையின் பலவீனமா, பகல் நேரத் தூக்கமா, மனம் எதிலும் ஈடுபடாத நிலையா என்பதைத்தான். ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணங்களை நோக்கிப் போகும். மாடிப்படி ஏறத் திராணி இல்லை என்பது இரத்தச்சோகையையோ இதயத்தையோ சோதிக்கச் சொல்லலாம். உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுகிறது என்பது, உறக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்கச் சொல்லலாம். முன்பு விரும்பிச் செய்ததிலும் இப்போது நாட்டம் இல்லை என்பது மனச்சோர்வு நோயை நினைவூட்டலாம்.

இங்கே எதிர்ச்சொற்கள் உதவுகின்றன. இருப்பதைச் சொல்ல வார்த்தை வராதபோது, இல்லாமற்போனது எது என்று சொல்வது எளிது. தெம்பு போயிற்றா, தெளிச்சி போயிற்றா, ஆர்வம் போயிற்றா என்று பிரித்துச் சொன்னால் மருத்துவரின் வேலை பாதி முடிந்துவிடும். தூங்கி எழுந்தபின் தெளிச்சி வருகிறதா என்பதைத் தனியாகக் கவனித்துச் சொல்வதும் அவசியம். அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, நாட்பட்ட களைப்பு நோயைக் கண்டறிய வகுத்த அடிப்படை அடையாளங்களுள் உறங்கியும் புத்துணர்ச்சி கிடைக்காமையைச் சேர்த்திருக்கிறது. ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கும் கடும் களைப்பும், சிறிது உழைத்தாலும் உடல்நிலை மோசமாவதும் மற்ற இரண்டு. அந்த நோயாளிகளுக்கு ஓய்வு கிடைக்கிறது, களைப்பாறுதல் கிடைப்பதில்லை. ஆகையால் அவர்களிடம் ‘நன்றாகத் தூங்குங்கள், சரியாகிவிடும்’ என்று சொல்லி அனுப்பிவிடாமல், எந்த நாளிலிருந்து எது திரும்பி வரவில்லை என்று கேட்டுக் குறித்துக்கொள்வதே முறை.